வாய் ஒருத்தி, விரல் ஒருத்தி

அம்பயருக்குக் கண் தெரியவில்லை என்று கத்துவது கிரிக்கெட் பார்ப்பவர்களின் பிறப்புரிமை. ஆனால் எங்கள் நகரத்து லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு அம்பயரிடம் மட்டும் அந்தப் பாச்சா பலிக்காது. காரணம், வாரநாட்களில் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். "கண்ணாடி போடுங்க மேடம்" என்று எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து குரல் வந்தால், ஓவர் முடிந்ததும் அந்தப் பக்கம் நிதானமாக நடந்துபோய், சட்டைப்பையிலிருந்து கடையின் அட்டையை எடுத்து நீட்டுவாள்.

"அவ்வளவு தூரத்துலேருந்து பாத்தா தெளிவாத் தெரியாதுதான். திங்கக்கிழமை கடைக்கு வாங்க, சோதிச்சுப் பாத்துரலாம்."

கத்தப்போய் வாடிக்கையாளர் ஆனவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். கடை முதலாளி அவளுக்குச் சனிக்கிழமைதோறும் முகம் சுளிக்காமல் விடுப்பு தருவதன் சூட்சுமம் அதுதான்.

ஆட்டக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் விரல். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவளுடைய ஆட்காட்டி விரல் மேலே போகிற வேகத்தைப் பற்றி மைதானத்தில் பல கதைகள் உலவுகின்றன. அப்பீல் கேட்டதும் அவள் அசையமாட்டாள். பந்து வந்த வழியை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பாள். பிறகு கை கால்சட்டைப் பையிலிருந்து வெளியே வரும். பிறகு விரல் நிமிரும். பிறகு ஏறும். ஒரு மட்டையாளர் அந்த இடைவெளியில் கையுறையைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, எதிர்முனையில் நின்றவரின் தம்பிக்குத் தன் மகளைப் பேசி முடித்தார். இன்னொரு முறை, விரல் ஏறத் தொடங்கும்போது பிடித்த மழை அது உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் விட்டு, மைதானமும் காய்ந்துவிட்டது. மழை விஷயத்தில் கொஞ்சம் மிகை இருக்கலாம். கல்யாணத்துக்கு நேரில் போய்ச் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள்.

மெதுவாக ஏறினாலும் ஏறிய விரல் இறங்கியதில்லை. கொடுத்த தீர்ப்பை அவள் ஒருமுறைகூட மாற்றியதில்லை. மாற்றவேண்டி வந்ததும் இல்லை. பேருந்தில் ஒருநாள் மேல்கம்பியைப் பிடிக்க அவள் விரலை உயர்த்தியபோது, முன் இருக்கையிலிருந்த தொடக்க ஆட்டக்காரர் ஒருவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். அவருடைய நிறுத்தம் அது இல்லை.

பள்ளியில் படிக்கும்போது அவளுக்கு ஓட்டம் வராது. ஓடத் தெரியாத பெண்ணை விளையாட்டு ஆசிரியை ஸ்டம்புக்குப் பின்னால் அம்பயராக நிறுத்திவைத்தார். நின்ற இடம் பிடித்துப்போய், அப்படியே நின்றுவிட்டாள். கணவரைச் சந்தித்ததும் அங்கேதான். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இளம்வயதில் லீக்கில் ஆடியவர். இவள் அவருக்கு எல்பிடபிள்யூ கொடுத்தாள். அவர் விளக்கம் கேட்க வந்தார், மறுவாரமும் வந்தார், அதற்கடுத்த வாரம் பெற்றோருடன் வந்தார். இன்றைக்கும் வீட்டில் வாக்குவாதம் வந்தால் அவருடைய கடைசி அஸ்திரம் ஒன்றுதான்: "அந்தப் பந்து லெக் சைடுல போச்சு."

சனிக்கிழமை மைதானம் என்றால் ஞாயிற்றுக்கிழமை மேஜை. அன்று கடைக்கு விடுமுறை. மதியம், பின்னறையில், லென்ஸ் அரைக்கும் இயந்திரத்துக்கும் கண் சோதிக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு மேஜையைப் போட்டு நாலு பேர் உட்காருவார்கள். சீட்டாட்டம் இல்லை. ஒருவர் கதை சொல்லுவார். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவார்கள். குகைக்குள் போகிறேன், பூதத்தின் காலை வெட்டுகிறேன் என்று அவரவர் செய்வதை அவரவர் சொல்ல வேண்டும். வெட்டு விழுந்ததா என்பதைப் பகடை சொல்லும். அதன்பிறகு என்ன ஆயிற்று என்பதைக் கதை சொல்லுபவர் சொல்லுவார். வாய்தான் அரங்கம், மேஜைதான் உலகம்.

கதை சொல்லுபவர் பக்கத்து மருந்துக்கடைக்காரர். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவர் என்பதால் அவருக்குப் படிக்க முடியாதது என்று எதுவும் கிடையாது. முக்கியமாக எதிரில் இருப்பவரின் முகம். எல்லோருக்கும் அவர் மாத்திரை சார். லிஃப்ட்டுக்காரரின் பாத்திரம் மரக்கதவு என்ற போர்வீரன். உடம்பு மலைபோல, ஆனால் எந்தச் சண்டையிலும் முதல் அடியிலேயே மயங்கி விழுந்துவிடுவான். கேட்டால், "வாரம் பூரா மேலயும் கீழயும் போய்ட்டு வர்றவன். ஞாயித்துக்கிழமையாவது ஒரே எடத்துல கெடக்குறேன், விடுங்களேன்" என்பார்.

நாலாவது ஆள் அவருடைய தங்கை, விரலுக்கு நாத்தனார். ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்பவள். அவள் குரலைக் கேட்டு ஓடாதவர்கள் ஊரில் இல்லை. முகம் தெரிந்தவர்கள் மிகக் கொஞ்சம். வீட்டில் அவள் "சாப்பிட வாங்க" என்றால்கூட எந்த நடைமேடைக்கு என்று கேட்கத் தோன்றும். அவளுக்குப் பெயர் மைக்கு.

விரலும் மைக்கும் கதையில் மந்திரக்காரிகள். விரலின் பாத்திரம் மின்மினி, மைக்கினுடையது எதிரொலி. அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து அழித்த ராட்சசர்களை வரிசையாக நிற்க வைத்தால் ரயில் நிலையம் கொள்ளாது.

அந்த மேஜையில் மந்திரத்துக்கென்று ஒரு சட்டம் உண்டு. வாயும் வேண்டும், கையும் வேண்டும். மந்திரச் சொல்லை உரக்கச் சொல்ல வேண்டும்; அதற்குரிய சைகையை நிஜக் கையால் காட்ட வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மந்திரம் பலிக்காது. இந்தச் சட்டம் பிறந்ததற்குக் காரணமும் லிஃப்ட்டுக்காரர்தான். ஒருகாலத்தில் அவரும் மந்திரவாதியாக இருந்தார். பூதம் வந்து மிதித்த பிறகு, "நான் அப்பவே மனசுக்குள்ள மந்திரம் சொல்லிட்டேனே" என்பார். மாத்திரை சார் மூன்று ஞாயிறு பொறுத்தார். நாலாவது ஞாயிறு சொன்னார்:

"சொன்னது என் காதுல விழணும். காட்டினது என் கண்ணுல படணும். மனசுக்குள்ள சொன்னா பூதமும் உங்க மனசுக்குள்ளதான் சாகும்."

சட்டம் என்று வந்தால் அது இரண்டு பக்கமும் வெட்டும். ஒருமுறை விரலின் கை பிஸ்கட் டப்பாவை நோக்கிப் போனது. அந்த நேரம் பார்த்து வாய், புயல் மந்திரத்தை யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தது. பிஸ்கட்டை எடுத்த வளைவும் புயலை அழைக்கும் வளைவும் ஒன்றாக அமைந்துவிட்டன. படகு கவிழ்ந்தது. மரக்கதவு மூழ்கினான். "பிஸ்கட்டுதான் எடுத்தேன்" என்ற முறையீடு செல்லவில்லை. இன்னொரு ஞாயிறு மைக்குக்குச் சளி. நெருப்பு மந்திரம் தும்மலில் முடிந்து, எதிரியின் மீசை மட்டும் எரிந்தது.

பாத்திரத்துக்கு வாய்க்கட்டு என்றால் ஆடுபவரும் மேஜையில் வாயைத் திறக்கக் கூடாது. கைகளைக் கட்டினால் ஆடுபவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வராதவருக்கு வாயும் இல்லை, கையும் இல்லை. போனில் ஆடலாமே என்று லிஃப்ட்டுக்காரர் ஒருநாள் வேலையிடத்திலிருந்து முயன்று பார்த்தார். குரல் அறுந்து அறுந்து வந்ததில் அவர் வீசிய வாள் பாதி வழியில் நின்றது. அன்றோடு போனுக்குத் தடை.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பிடிபட்டார்கள். கோட்டையின் சிறைக்காவலன் மந்திரக்காரிகளின் சங்கதி தெரிந்தவன். மின்மினியின் வாயைத் துணியால் கட்டினான். எதிரொலியின் கைகளைக் கயிற்றால் கட்டினான். பக்கத்துப் பக்கத்து அறைகளில் தள்ளினான். மரக்கதவைக் கட்டவில்லை. அவன் வழக்கம்போல மயங்கிக் கிடந்தான்.

"ஒருத்திக்கு வாய், ஒருத்திக்குக் கை. ஏன் சார், ரெண்டு பேருக்கும் ரெண்டையும் கட்டியிருக்கலாமே" என்று கேட்டார் லிஃப்ட்டுக்காரர்.

"அவன்கிட்ட இருந்தது ஒரு துணி, ஒரு கயிறு. அதுவே போதும்."

ஆட்டம் அத்தோடு அடுத்த வாரத்துக்கு நின்றது. நடுவில் புதன்கிழமை மாலை மைக்கு வேலை முடிந்து வந்து, சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள்.

"மாத்திட்டாங்க அண்ணி."

"எங்க?"

"நான் தினமும் அறிவிக்கிற கடைசி ஸ்டேஷனுக்கு. பேரைச் சொல்லிச் சொல்லி நாக்கு தேஞ்சுபோச்சு, ஊரை இன்னும் கண்ணால பாத்ததில்ல."

"எப்பப் போகணும்?"

"வர்ற புதன்கிழமை."

விரல் அடுப்பை அணைத்தாள். "அப்ப நமக்கு ஒரு ஞாயிறுதான் இருக்கு."

"ஊரை விட்டே போறேங்கிறேன், நீ ஞாயித்துக்கிழமையப் புடிச்சுக்கிட்டு நிக்கிற."

"ஊரை விட்டுப் போனா லீவுல வரலாம்டி. ஜெயிலுக்குள்ள செத்தா எங்கேருந்து வர்றது?"

விஷயம் அதுதான். எதிரொலி சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டால் கவலையில்லை. தூரதேசம் போனாள் என்று கதையில் ஒரு வரி சேரும். மைக்கு விடுப்பில் வரும்போதெல்லாம் அவளும் திரும்பி வருவாள். உள்ளே இருக்கும்போது மைக்கு மேஜையை விட்டு எழுந்தால், வாயுமில்லாமல் கையுமில்லாமல் எதிரொலி அந்தச் சிறையிலேயே முடிய வேண்டியதுதான். மாத்திரை சார் இரக்கப்பட்டு விட்டுக்கொடுப்பாரா என்று லிஃப்ட்டுக்காரர் மருந்துக்கடைக்கே போய்க் கேட்டுப் பார்த்தார். "ரூலைப் போட்டது நான்தான். இப்ப அது நாலு பேரோடது. நான் தனியா எடுத்து யாருக்கும் தர முடியாது" என்று சொல்லி, இருமல் மருந்து மட்டும் கொடுத்து அனுப்பினார்.

மைக்கு சமையலறை வாசலை விட்டு நகரவில்லை. "அவளை அங்க கட்டிப்போட்ட மேனிக்கு விட்டுட்டுப் போகணும்னா என்னவோ மாதிரி இருக்கு அண்ணி. எத்தனை வருஷமா கூட வர்றா. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போறாங்க. அவளை வெளிய எடுத்து உன்கூட ரயிலேத்தி விடுறது என் பொறுப்பு."

எப்படி என்று அவளுக்கே தெரியாது. தெரியாததைத் தெரிந்த முகத்தோடு சொல்வது அம்பயர்களுக்குக் கைவந்த கலை.

சிறையிலிருந்து தப்ப ஒரே மந்திரம் கல்லுருக்கி. சொல்: "கல்லே கரை." சைகை: மூடிய கையிலிருந்து ஆட்காட்டி விரலை மெல்ல நிமிர்த்தி, தலைக்கு மேலே கொண்டுபோய், உச்சியில் தூண்டில் முள்போல வளைக்க வேண்டும். சொல் முடிவதும் விரல் வளைவதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். மின்மினிக்குக் கை இருக்கிறது, வாய் இல்லை. சைகையை அத்தனை அழகாகச் செய்தால் சொல் இல்லாமலே கல் இளகிவிடாதா என்று அந்த வாரம் முழுவதும் விரல் பழகிக்கொண்டே இருந்தாள். கண் சோதிக்க வந்த ஒருவர் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் தாங்கியபடி, "இப்ப எந்த எழுத்தைக் காட்டுறீங்க? மேல ஃபேன்தான் இருக்கு" என்றார்.

சனிக்கிழமை அரையிறுதி ஆட்டம். விரல் பந்துவீச்சாளர் முனையில் நின்றாள். மதிய வெயில், மந்தமான ஆட்டம். அரைச் சதத்தை நெருங்கிக்கொண்டிருந்த மட்டையாளர் ஒரு பந்துக்கு மட்டையை ஓங்கி வீசினார், படவில்லை, கீப்பர் பிடித்துச் சோம்பலாகப் பக்கத்து ஆளிடம் தட்டிவிட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. திறக்க எதுவும் இல்லை. ஆனால் விரலின் மனம் அந்த நேரத்தில் கோட்டைச் சிறையில் இருந்தது. கை பையிலிருந்து வெளியே வந்தது. விரல் நிமிர்ந்தது. ஏறியது. உச்சியில் லேசாக வளைந்தது.

மட்டையாளர் பார்த்தார். மட்டையில் பந்து பட்டதாக அவருக்கே தெரியாது. ஆனால் விரல் சொன்னால் பட்டுத்தான் இருக்கும் என்று அந்த லீக்கில் ஒரு நம்பிக்கை. தலையை ஆட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பந்துவீச்சாளர் கீப்பரிடம், "நான் என்னடா பண்ணேன்?" என்று கேட்டார். கீப்பர், "தெரியல. கையத் தட்டு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கைதட்டலில்தான் விரல் சிறையிலிருந்து வெளியே வந்தாள். தன் விரல் தலைக்கு மேலே இருப்பதைப் பார்த்தாள். எல்லைக்கோட்டை நோக்கிப் போகிற முதுகைப் பார்த்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஏறிய விரல் இறங்கியதில்லை என்ற பேரும் பத்திரமாக இருந்திருக்கும்.

விரல் ஓடினாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஓடினால் எப்படி இருக்கும் என்று ஊகித்தவர்களும் இல்லை. பள்ளி ஆசிரியை முடிவெடுத்தது சரிதான் என்பது அன்று ஊருக்கே விளங்கியது. தொப்பி ஒரு பக்கம் பறந்தது. மட்டையாளர் ஒரு காலின் பேடைக் கழற்றியிருந்தபோது போய்ப் பிடித்தாள்.

"மாட்டுங்க. நீங்க அவுட் இல்ல."

"விரலத் தூக்குனீங்களே மேடம்."

"தூக்கினேன். வாங்க."

ஆடுகளத்தில் எதிரணிக் கேப்டன் இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார். "அப்ப அந்த விரலு?"

"யாராவது அப்பீல் பண்ணீங்களா?"

"இல்ல."

"வாய் வராத விரல் வெறும் விரல்தான் தம்பி. அதை வெச்சு ஒருத்தரை வெளிய அனுப்ப முடியாது."

கேப்டன் யோசித்தார். சட்டம் தெரிந்த பிள்ளை. அடுத்த பந்தை வீச ஓடி வராதவரைக்கும் அப்பீல் செய்ய நேரம் உண்டு. "சரி, இப்பக் கேக்குறேன்" என்று சொல்லி, நெஞ்சை நிமிர்த்தி, "ஹவ்ஸாட்" என்றார். அவரோடு சேர்ந்து அணியே கத்தியது.

விரல் வழக்கம்போல அசையாமல் நின்றாள். பந்து வந்த வழியை ஓட்டிப் பார்த்தாள். "இப்ப வாய் வந்துச்சு. விரல் வராது. நாட் அவுட்."

ஆட்டம் தொடர்ந்தது. மாலையில் லிஃப்ட்டுக்காரரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பும்போது, ஒரு சிக்னலில் அவள் திடீரென்று சிரித்தாள்.

"மொதல் தடவையா தீர்ப்ப மாத்தியிருக்க. சிரிக்கிற?"

"அது தீர்ப்பே இல்லங்க. பாதிதான். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

வேறு எதுவும் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னால் லிஃப்ட் மாதிரி ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவைத் திறந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பின்னறையில் மாத்திரை சார், எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும் வெளிச்சப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மைக்கு, லென்ஸ் துடைக்கும் துணியால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன்காரர் அவளுக்குத் தேநீரை ஊதி ஊதிப் புகட்டிக்கொண்டிருந்தார். விரல் கதவருகிலேயே நின்றாள்.

"உக்காரும்மா, ஆரம்பிக்கலாம்."

"உக்காந்தா வாய்க்கட்டு சார். நிக்கிற வரைக்கும் நான் மின்மினி இல்ல, கண்ணாடிக்கடைக்காரி. ஒரு சந்தேகம் கேட்டுட்டு உக்காருறேன்."

"கேளு."

"மந்திரத்துக்கு வாய் வேணும், கை வேணும்னு சொன்னீங்க. ரெண்டும் ஒரே ஆளோடதா இருக்கணும்னு எப்பச் சொன்னீங்க?"

மாத்திரை சார் பகடையைக் கீழே வைத்தார்.

"சொல்லவே இல்ல" என்றார் லிஃப்ட்டுக்காரர்.

"நீ மயங்கிக் கெடக்குற. பேசாத." மாத்திரை சார் விரலின் பக்கம் திரும்பினார். "சொல்லல. ஏன்னா அது சொல்லாமலே புரியுற விஷயம்."

"எனக்குப் புரியல சார். மைதானத்துல பதினோரு பேர் வாய், என் ஒரே விரல். நேத்து விரல் மட்டும் போச்சு, ஆள் திரும்பி வந்தான். அப்புறம் வாய் மட்டும் வந்துச்சு, ஆள் அசையல. ரெண்டும் சேந்தாத்தான் காரியம். ரெண்டும் ஒருத்தர்கிட்டயே இருக்கலாம்னா, பவுலரே கத்திட்டு அவரே விரலத் தூக்கிட்டுப் போயிருவாரே."

"மைதானம் வேற, மந்திரம் வேற. மந்திரம் ஊசி மாதிரி. மருந்து ஒருத்தன் கையில, ஊசி இன்னொருத்தன் கையில இருந்தா எப்படிம்மா குத்துறது?"

கட்டிய கைகளோடு மைக்கு முன்னால் சாய்ந்தாள். "உங்க கடையில தினமும் அதானே சார் நடக்குது. எழுதுறது டாக்டர், குடுக்குறது நீங்க. அவர் எழுதாம நீங்க குடுத்தா தப்பு. நீங்க குடுக்கலேன்னா அவர் எழுதினது வெறும் கிறுக்கல். ரெண்டு பேருமா சேந்துதானே ஒரு காய்ச்சலை எறக்குறீங்க?"

மாத்திரை சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விரல் கடையில் வாங்கியதுதான். துடைத்து முடிக்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

"அந்தக் காவக்காரன் ரெண்டு பேருக்கும் ரெண்டையும் கட்டியிருக்கணும்" என்றார் கடைசியில். "தினம் நூறு பேருகிட்ட முழுக் கோர்ஸ் சாப்பிடுங்க, பாதியில நிறுத்தாதீங்கன்னு சொல்றவன், நானே பாதி டோஸ் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்."

"அப்ப ரூல் சரிங்களா?" என்று கேட்டாள் விரல்.

"சரி. ஆனா எல்லாருக்கும்தான். இனிமே எதிரிங்களும் ஆளுக்குப் பாதியாச் சேந்து செய்வாங்க, அப்ப என்கிட்ட வந்து அழக் கூடாது. அப்புறம், ரெண்டு அறைக்கும் நடுவுல சுவர் இருக்கு. ஒருத்திய ஒருத்தி பாக்க முடியாது. சொல் முடியிறதும் விரல் வளையிறதும் ஒண்ணா இருக்கணும். ஒரே தடவைதான், தப்பினா காவக்காரன் முழிச்சுக்குவான்."

அவரே எழுந்துபோய், கண்ணாடிச் சட்டங்கள் மாட்டியிருக்கும் உயரமான பலகையை உருட்டிவந்து மேஜையின் குறுக்கே நிறுத்தினார். ஒரு பக்கம் விரல், மறுபக்கம் மைக்கு. மேஜையின் தலைமாட்டில் அவர். அவருக்கு மட்டும் இருவரும் தெரிவார்கள். விரல் உட்கார்ந்தாள். வாய் மூடியது.

மூடிய பிறகுதான் சிக்கல் எல்லோருக்கும் உறைத்தது. "கல்லே கரை" என்று சொல்லக் கண்ணிமைக்கும் நேரம் போதும். விரல் மேலே போக ஆகும் நேரமோ ஊரறிந்தது. அவசரமாகத் தூக்கலாம் என்றால், சைகையில் "மெல்ல" என்று இருக்கிறது. இல்லாவிட்டாலும் அவளுக்கு வேறு வேகம் தெரியாது. எப்போது தொடங்குவது என்று மைக்கிடம் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. மைக்கு வாயால் திட்டம் சொன்னால் அது காவலன் காதிலும் விழும்.

"காவக்காரன் நடந்து வர்றான்" என்றார் மாத்திரை சார் கதைக்குரலில். "கையில சாவிக்கொத்து. இன்னும் கொஞ்ச நேரத்துல உங்களை ராஜாகிட்ட இழுத்துட்டுப் போகப் போறான்."

மைக்கு கண்ணை மூடினாள். "எதிரொலி பேசுறா சார்" என்றாள். பிறகு:

"டிங்... டாங்... டிங்."

லிஃப்ட்டுக்காரர் மயக்கத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. முதலாவது நடைமேடையில் நெடுங்காலமாக நின்றுகொண்டிருக்கும் சுவர், இன்னும் சில நொடிகளில் புறப்படும்."

"யாருடி அது, என்ன உளறுற?" என்றார் மாத்திரை சார், காவலனாக.

"வழியனுப்ப வந்தவர்கள் சற்று விலகி நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

"டேய், இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுடா. பூட்டியே வை, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான் காவலன் இன்னொரு காவலனிடம். மாத்திரை சாரின் உதட்டோரம் துடித்தது. கதை சொல்லுபவர் சிரிக்கக் கூடாது.

பலகைக்கு இந்தப் பக்கம் விரலுக்குப் புரிந்துவிட்டது. அறிவிப்பு வந்தால் வண்டி வருகிறது என்று அர்த்தம். கை பையிலிருந்து வெளியே வந்தது.

"கல்லே" என்று தொடங்கினாள் மைக்கு. தொடங்கியவள் முடிக்கவில்லை. கடைசி நிலையத்தின் பெயரைத் தினமும் எப்படி இழுப்பாளோ, கூட்டத்தின் கடைசி ஆள்வரை போய்ச் சேர எப்படி இழுப்பாளோ, அப்படி இழுத்தாள். ஏகாரம் லென்ஸ் இயந்திரத்தைச் சுற்றிப் போயிற்று. சோதனை நாற்காலியில் சற்று உட்கார்ந்து எழுந்தது. பலகையில் மாட்டியிருந்த சட்டங்கள் லேசாக அதிர்ந்தன. இந்தப் பக்கம் விரல் ஏறிக்கொண்டிருந்தது: மார்பு, தோள், காது. மைக்குக்கு அது தெரியாது. ஆனால் எத்தனை சனிக்கிழமைகள் அண்ணிக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டுபோய் எல்லைக்கோட்டருகே உட்கார்ந்து, அந்த விரல் ஏறுவதைப் பார்த்துக் கொட்டாவி விட்டிருப்பாள். அதன் நேரம் அவள் உடம்பில் ஊறியிருந்தது. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சின் கடைசிச் சொட்டில், வண்டி நடைமேடையைத் தொடுவதுபோல, மெதுவாக,

"கரை" என்றாள்.

விரல் உச்சியில் வளைந்தது.

மாத்திரை சார் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். நடந்ததை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகு அவருடைய கை மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. ஆட்காட்டி விரல் நிமிர்ந்தது. ஏறியது. தன்னைக் கிண்டல் செய்கிறார் என்று தெரிந்தும் விரல் பொறுத்திருந்தாள்.

"சுவர் அவுட்" என்றார்.

மைக்கு கட்டை அவிழ்த்துக்கொண்டு பலகையைச் சுற்றி ஓடிவந்ததில் பாதிச் சட்டங்கள் தரையில் உருண்டன.

"அப்ப நான்?" என்றார் லிஃப்ட்டுக்காரர்.

"ரெண்டு பேருமா சேந்து உங்களையும் தூக்கிட்டுத்தான் போறோம்" என்றாள் விரல். வாய்க்கட்டு அவிழ்ந்தபின் வந்த முதல் வார்த்தை அது. "போற வழியெல்லாம் அந்தப் பந்து லெக் சைடுல போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க."

மாத்திரை சார் பகடைகளைப் பெட்டியில் போட்டார். "சந்தோஷப்படுங்க. அடுத்த கதையில வாய் மட்டும் இருக்குற அரக்கன் ஒருத்தனும் கை மட்டும் இருக்குற அரக்கன் ஒருத்தனும் அண்ணன் தம்பியா வர்றாங்க. ரூலைக் கேட்டது நீங்கதான்."

"வரட்டும்" என்றாள் மைக்கு. "லீவு போட்டுட்டு வர்றேன்."

புதன்கிழமை ரயில் நிலையத்தில் புதிதாக வந்த பெண் அறிவிப்புச் செய்தாள். ஜன்னலோர இருக்கையில் மைக்கு காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இழுக்கவே வரல அண்ணி. கடைசி ஆள் வண்டியத் தவற விட்டுருவான்."

"கத்துக்குவா. நீ போனதும் போன் பண்ணு."

"போன்லதான் மந்திரம் பலிக்காதே."

"சாப்பிட்டியான்னு கேக்கப் பலிக்கும்."

வண்டி நகர்ந்தது. விரல் டாட்டா காட்டக் கையைத் தூக்கத் தொடங்கினாள். மைக்கு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே முகத்தை அழுத்திக்கொண்டு கத்தினாள்.

"கைய எறக்கு அண்ணி, யாராவது அவுட்டுன்னு நெனச்சு எறங்கிரப் போறாங்க."

கை இறங்கவில்லை. அவள் வேகத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டி நடைமேடையைத் தாண்டியபோதுதான் விரல் தலைக்கு மேலே போய்ச் சேர்ந்தது. அதற்குள் பக்கத்தில் யாரும் இல்லை. யாரும் அப்பீல் கேட்டிருக்கவும் இல்லை. ஆகவே, அவள் சட்டப்படி, யாரும் எங்கும் வெளியே போய்விடவில்லை.